விழுந்துகொண்டிருக்கும் பெண்

கையில் பணத்துக்குக் குறைவில்லை, உடலுக்கு நோயில்லை, ஆயினும் ஒருவன் ஓர் இயந்திரத்தின் முன் வந்து படுத்துக்கொண்டு பேசுகிறான். பேசுகிறான் என்பதைவிட, பேசாமலிருப்பதற்கு என்னென்ன வழிகள் உண்டோ அத்தனையையும் கையாள்கிறான் என்பதே பொருந்தும். கேலி செய்கிறான், கோபிக்கிறான், கனவுகளை விரித்துரைத்துக் காலங்கடத்துகிறான். இயந்திரமோ மனநல மருத்துவனாக அமைக்கப்பட்டது. அதற்குப் பொறுமை குன்றுவதில்லை. அவன் எங்கே சொல்லை விழுங்குகிறானோ அங்கேயே திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது. அமெரிக்க எழுத்தாளர் ஃபிரெடரிக் போல் 1977-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கேட்வே’ என்னும் புதினம் இப்படித்தான் தொடங்குகிறது. ராபினெட் பிராட்ஹெட் என்பது அம்மனிதனின் பெயர். சிக்ஃபிரிட் என்று அவன் அழைப்பது அந்த இயந்திரத்தை.

நம் வாசகர்களுக்கு இக்காட்சி எதனை நினைவூட்டும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. இந்த இயந்திரத்துக்குக் கேட்கத் தெரியும். மன்னிக்க அதற்கு அதிகாரமில்லை. மன்னிக்கக்கூடிய நிலையில் இருப்பவள் ஒருத்திதான். அவள் கருந்துளை ஒன்றினுள் விழுந்துகொண்டிருக்கிறாள்.

கருந்துளைகளைப் பற்றிய கதைகளும் திரைப்படங்களும் இன்று ஏராளம். அவற்றுள் பெரும்பாலானவற்றில் கருந்துளை ஒரு வாணவேடிக்கையாக மட்டுமே பயன்படுகிறது. கப்பல் கதைகளுக்குப் புயல் எப்படியோ, விண்வெளிக் கதைகளுக்குக் கருந்துளை அப்படி. ஒரு சில படைப்புகளில் மட்டும் அதன் அறிவியல், கதைமாந்தரின் நெஞ்சுக்குள் புகுந்து வேலை செய்கிறது. அத்தகைய இரண்டை ஒப்புநோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்: ஒன்று போலின் இப்புதினம், மற்றொன்று, 2014-இல் வெளிவந்து உலகெங்கும் பார்க்கப்பட்ட ‘இன்டர்ஸ்டெல்லர்’ என்னும் திரைப்படம். பின்னதன் அறிவியல் முன்னதன் அறிவியலைவிடப் பன்மடங்கு நுட்பமானது. இருந்தும், உண்மைக்கு அதிக நேர்மையோடு நடந்துகொள்வது முன்னதே என்பது என் துணிபு.

முதலில் கருந்துளையைப் பற்றிச் சிறிது கூறியாக வேண்டும். 1915-ஆம் ஆண்டின் இறுதியில் ஐன்ஸ்டைன் தம் பொதுச் சார்பியல் கோட்பாட்டை வெளியிட்டார். அப்போது முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. ஜெர்மானியப் படையில் பணியாற்றிவந்த கார்ல் ஷுவார்ட்ஷில்ட் என்னும் வானியலார் போர்முனையிலிருந்தபடியே அக்கோட்பாட்டின் சமன்பாடுகளுக்கு முதல் தீர்வைக் கண்டார். அடுத்த ஆண்டே நோயுற்று இறந்தும் போனார். ஒரு பொருளைக் குறிப்பிட்ட ஓர் ஆரத்துக்குள் நசுக்கிவிட்டால் அதனின்று ஒளிகூட வெளியேற முடியாது என்பது அத்தீர்வில் அடங்கியிருந்தது. நம் சூரியனுக்கு அந்த ஆரம் ஏறத்தாழ 3 கிலோமீட்டர். அப்படி நசுங்கிப்போன பொருள் இயற்கையில் உண்டாகுமென்று அன்று எவரும் கருதவில்லை.

உண்டாகக்கூடும் என்பதற்கான முதல் அறிகுறியைக் கண்டவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த ஒரு தமிழ் இளைஞர். 1930-இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலில் சென்றுகொண்டிருந்தபோது, பத்தொன்பது வயது சுப்பிரமணியன் சந்திரசேகர் தாளும் பென்சிலுமாகக் கணக்கிட்டுப் பார்த்தார். எரிந்து அடங்கிய விண்மீனின் நிறை ஓர் எல்லைக்கு மேற்பட்டால் அது வெண்குறுமீனாக நிலைத்து நிற்க முடியாது என்பது அவர் கண்ட முடிவு. அந்த எல்லையைச் சூரியனைப்போல் 1.4 மடங்கு என இன்று சொல்கிறோம். எல்லை தாண்டிய விண்மீன் என்னவாகும்? 1935 ஜனவரியில் லண்டன் வானியல் சங்கக் கூட்டத்தில் சந்திரசேகர் இதனை எடுத்துரைத்தபோது, அக்காலத்தின் மாபெரும் வானியலாரான எடிங்டன் எழுந்து, விண்மீன் இப்படி அபத்தமாக நடந்துகொள்வதை இயற்கையே தடுத்துவிடும் என்ற பொருள்பட எள்ளி நகையாடினார். அரங்கம் சிரித்தது. நோபல் பரிசு சந்திரசேகரை வந்தடைந்தது 1983-இல்.

நம் கதைக்கு இன்னும் நெருக்கமானவர் வேறொருவர்: பெல்ஜியம் நாட்டுக் குருவும் லூவேன் பல்கலைக்கழகப் பேராசிரியருமான ஜார்ஜ் லெமேத்ர். பேரண்டம் விரிவடைகிறது என்பதைக் கணித்தவர் என்ற அளவில் அவரைப் பலர் அறிவர். 1933-இல் அவர் செய்த மற்றொரு பணியை அறிந்தோர் குறைவு. ஷுவார்ட்ஷில்ட் கண்ட அந்த ஆரத்தில் ஏதோ ஒரு சுவர் இருப்பதாகவும், அங்கே காலமே நின்றுவிடுவதாகவும் பலர் எண்ணியிருந்தனர். அது சுவரன்று, நாம் அளக்கும் முறையால் தோன்றும் மயக்கமே என்று லெமேத்ர் காட்டினார். தொலைவில் நின்று பார்ப்பவனுக்கு, விழும் பொருள் அந்த எல்லையை நெருங்க நெருங்க மெல்ல மெல்ல ஊர்ந்து, அங்கேயே உறைந்துவிடுவதாகத் தோன்றும். விழுபவனுக்கோ அப்படியொன்றும் நேராது. அவன் கைக்கடிகாரம் வழக்கம்போல் ஓடும். எல்லையைக் கடந்த கணத்தைக்கூட அவன் உணரமாட்டான். இவ்விரண்டு கூற்றும் ஒருசேர உண்மை. போலின் புதினம் முழுவதும் இந்த ஒரு செய்தியின்மேல்தான் நிற்கிறது.

கதைச் சுருக்கம் இது. ஹீச்சி என்னும் வேற்றினத்தார் பன்னெடுங்காலத்துக்கு முன் விட்டுச்சென்ற குறுங்கோள் ஒன்று. அதில் நூற்றுக்கணக்கான கலங்கள். அவற்றை எவ்வாறு செலுத்துவது என்பது மனிதருக்குத் தெரியாது. ஏறி அமர்ந்தால் முன்பே குறிக்கப்பட்ட எங்கோ ஓரிடத்துக்குக் கலம் போகும். செல்வத்தோடு திரும்பினாலும் திரும்பலாம், பிணமாகத் திரும்பினாலும் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். வயிற்றுப்பாட்டுக்கு வழியற்றவர்களே இச்சூதாட்டத்துக்கு வருகின்றனர். பிராட்ஹெட்டும் அப்படி வந்தவன்தான். அவன் வீரனல்லன். கலத்தில் ஏறப் பயந்து மாதக்கணக்கில் நாட்களைத் தள்ளிப்போடும் கோழை. அங்கே ஜெல்-கிளாரா மோய்ன்லின் என்பவளைக் காதலிக்கிறான். அவளைக் கைநீட்டி அடித்தும் இருக்கிறான். இறுதியில் இருவரும் வேறு சிலரும் இரண்டு கலங்களில் செல்ல, கலங்கள் ஒரு கருந்துளையின் பிடியில் சிக்குகின்றன. எல்லாரையும் ஒரே கலத்தில் ஏற்றி, மற்றொன்றைத் துளையை நோக்கி உந்தித் தள்ளி, அந்த எதிர்விசையால் தப்புவது என்று முடிவாகிறது. கடைசி நேரக் குழப்பத்தில் ஒரு கலத்தில் பிராட்ஹெட் மட்டும் தனித்திருக்கிறான். தப்பியது அக்கலமே. மற்றவர்களின் பங்கும் அவனுக்கே சேர, அவன் பெருஞ்செல்வனாகத் திரும்புகிறான்.

நடந்தது பிழையா, தற்செயலா, அவனுடைய உயிராசையின் வேலையா? இக்கேள்விக்கு அவனாலேயே தெளிவாக விடைகூற முடியவில்லை. குற்றவுணர்வைப் பற்றி எழுதப்பட்ட புதினங்கள் உலகில் எத்தனையோ உள்ளன. அவற்றிலெல்லாம் குற்றம் இறந்தகாலத்தில் நிகழ்ந்து முடிந்தது. காலம் செல்லச் செல்ல அதன்மேல் மண் மூடும். போல் செய்திருப்பது வேறு. கிளாரா இருக்கும் இடத்தில் காலம் ஊர்வதால், பிராட்ஹெட்டுக்கு ஆண்டுகள் பல ஓடிய பின்னும் அவளுக்குச் சில நொடிகளே ஆகியிருக்கும். அவன் விருந்துண்ணும்போதும் உறங்கும்போதும் அவள் இன்னும் அந்த முதல் திகைப்பிலேயே இருக்கிறாள். அவன் தன்னைக் கைவிட்டான் என்று இப்போதுதான் எண்ணத் தொடங்கியிருக்கிறாள். குற்றம் முடியவில்லை, நடந்துகொண்டிருக்கிறது. ஓர் இயற்பியல் விதி, உவமையாக அன்றி விதியாகவே, மனச்சான்றின் நிலையாக மாறிவிட்ட இடம் இது. அறிவியல் புனைகதை என்னும் இலக்கிய வகையால் மட்டுமே செய்யக்கூடிய செயல் ஒன்று உண்டெனில், அது இதுதான்.

இதனைச் சாதிக்க ஆசிரியர் பெரிய அறிவியல் விளக்கம் எதையும் தரவில்லை. அத்தியாயங்களுக்கு நடுவே சிறு விளம்பரங்களையும் பயண அறிக்கைகளையும் விரிவுரைத் துணுக்குகளையும் துண்டு துண்டாகப் பதித்திருக்கிறார். மாண்டவர்கள் எத்தனை பேர், ஈட்டிய தொகை எவ்வளவு என்று கணக்குப்பிள்ளையின் குரலில் அவை பேசுகின்றன. முதல் வாசிப்பில் எனக்கு அவை இடையூறாகவே பட்டன. இரண்டாம் முறை படித்தபோதுதான், ஒரு மனிதன் தன் துயரத்தைச் சொல்ல முடியாமல் தவிக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் அந்த அலுவலக மொழி எவ்வளவு கொடுமையாக ஒலிக்கிறது என்பது புலப்பட்டது.

இனித் திரைப்படங்களுக்கு வருவோம். 1979-இல் வால்ட் டிஸ்னி நிறுவனம் ‘தி பிளாக் ஹோல்’ என்றொரு படத்தை எடுத்தது. எரியும் விண்கல் கப்பலுக்குள் பந்துபோல் உருண்டு வருகிறது. கப்பலின் சுவர் உடைந்த பிறகும் மாந்தர் மூச்சுத் திணறாமல் ஓடுகின்றனர். இவையெல்லாம் போகட்டும். முடிவில் கருந்துளைக்குள் சென்றவர்களுள் தீயவனுக்கு நெருப்பும் பாறையுமான நரகமும், நல்லவர்களுக்கு வானதூதர் போன்ற உருவமொன்று மிதந்து செல்லும் ஒளிமயமான வழியும் காட்டப்படுகின்றன. சமயப்பற்றுள்ளவர்கள் இதைக் கண்டு மகிழ்வார்கள் என்று தயாரிப்பாளர் எண்ணியிருக்கலாம். எனக்கு எரிச்சலே மிஞ்சியது. கதையை முடிக்கத் தெரியாதவர்கள் வானகத்தைத் துணைக்கு அழைத்திருக்கிறார்கள், அவ்வளவே. இவ்விடத்தில் மீண்டும் குரு லெமேத்ரை நினைக்கத் தோன்றுகிறது. 1951-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், அறிவியல் காட்டும் பேரண்டத் தொடக்கத்தைப் படைப்போடு இணைத்துப் பேசியபோது, அப்படி இணைப்பதை விரும்பாதவர் லெமேத்ர். தம் கோட்பாடு சமயக் கேள்விக்கு வெளியே நிற்பது என்பதே அவர் நிலை. நம்பிக்கையைக் காட்ட அறிவியலை வளைப்பவர்கள் இரண்டையும் சிறுமைப்படுத்துகிறார்கள் என்பதை ஒரு குருவானவரே உணர்ந்திருந்தார்; டிஸ்னிக்கு அது தெரியவில்லை.

புனைகதை அறிவியலுக்குக் கடன்பட்டது போதாதென்று, அறிவியலும் ஒருமுறை புனைகதைக்குக் கடன்பட்டது. வானியலார் கார்ல் சேகன் ‘காண்டாக்ட்’ என்னும் தம் புதினத்தை எழுதிக்கொண்டிருந்தபோது, கதைத்தலைவியைக் கருந்துளை வழியாக அபிஜித் விண்மீனுக்கு அருகே அனுப்ப எண்ணி, கையெழுத்துப்படியை நண்பர் கிப் தோர்னுக்குக் காட்டினார். கலிஃபோர்னியாவில் பேராசிரியராக இருந்த தோர்ன், கருந்துளை வழியே எவரும் உயிரோடு வெளிவர இயலாது என்று மறுத்துவிட்டு, அதற்குப் பதிலாகப் புழுத்துளை என்னும் சுரங்கவழியைப் பரிந்துரைத்தார். புதினம் 1985-இல் வெளிவந்தது. அத்தகைய வழி திறந்தே நிற்க வேண்டுமானால் எதிர்மறை ஆற்றல் கொண்ட விந்தைப் பொருள் வேண்டும் என்று தோர்னும் அவர் மாணவர் மைக்கேல் மோரிஸும் எழுதிய ஆய்வுக்கட்டுரை 1988-இல் இயற்பியல் ஆசிரியர்களுக்கான இதழொன்றில் வெளியாயிற்று. வேண்டிய அளவில் அப்படியொரு பொருள் உண்டென்று இன்றுவரை எவரும் காட்டவில்லை.

விண்வெளிப் பயணக் கதைகளுக்கு இத்தகைய குறுக்குவழி ஏன் தேவைப்படுகிறது என்பது எளிய கணக்கு. ‘கேட்வே’ வெளிவந்த அதே 1977-இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலம் நொடிக்கு ஏறத்தாழ 17 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. சூரியனுக்கு மிக அண்மையிலுள்ள விண்மீனின் தொலைவு 4.24 ஒளியாண்டு. அத்தொலைவை அவ்வேகத்தில் கடக்க 70,000 ஆண்டுகளுக்கு மேலாகும். 2022-இல் அறிவிக்கப்பட்ட, நமக்கு மிக நெருங்கியதாக அறியப்பட்டுள்ள கருந்துளையோ 1,560 ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ளது. எனவே கதாசிரியன் எங்கேனும் ஒரு பொய்யைச் சொல்லியே தீரவேண்டும். அந்த ஒரு பொய்யை வாசகர் மன்னிப்பர். அதற்குப் பிறகு அவன் எவ்வளவு உண்மையாக நடந்துகொள்கிறான் என்பதே கேள்வி.

கிறிஸ்டோஃபர் நோலன் இயக்கிய ‘இன்டர்ஸ்டெல்லர்’ படத்துக்கு அறிவியல் துணை நின்றவர் அதே கிப் தோர்ன். ஈர்ப்பலைகளைக் கண்டறிந்த பணிக்காக 2017-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். படத்தில் வரும் கருந்துளைக்குக் கர்கன்டுவா என்று பெயர். அதன் நிறை சூரியனைப்போல் 10 கோடி மடங்கு. பருமனோ நம் பூமி சூரியனைச் சுற்றும் பாதையின் அளவு. ஒளி அதனைச் சுற்றி எவ்வாறு வளைந்து வரும் என்பதைத் தோர்ன் சமன்பாடுகளாக எழுதிக் கொடுக்க, கலைஞர்கள் அவற்றைக் கணிப்பொறியில் இட்டு உருவத்தைப் பெற்றனர். கருவட்டத்தின் குறுக்கே ஓர் ஒளித்தட்டு. அதே தட்டின் பின்புறம் வளைந்து மேலும் கீழும் ஒளிவளையமாகத் தெரிகிறது. இது புதிய காட்சியன்று. பிரெஞ்சு வானியலார் ழான்-பியேர் லூமினே 1979-லேயே கணிப்பொறி தந்த எண்களைக் கொண்டு மையால் புள்ளி புள்ளியாகக் கையால் வரைந்து காட்டியதுதான். லூமினேயின் படத்தில் தட்டின் ஒரு பக்கம் மிகப் பிரகாசமாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருந்தது. நம்மை நோக்கி வரும் ஒளி வலுத்தும் விலகிச் செல்வது நலிந்தும் தோன்றும் என்பதே காரணம். பார்வையாளர் குழம்புவர் என்று கருதி நோலன் இதனை நீக்கி, இருபுறமும் ஒத்த ஒளியாக்கினார். 2019 ஏப்ரல் 10 அன்று எம்87 விண்மீன் மண்டலத்தின் நடுவிலுள்ள கருந்துளையின் முதல் நிழற்படம் வெளியிடப்பட்டபோது, அந்த மங்கலான மஞ்சள் வளையத்தின் ஒரு பக்கம் மற்றதைவிடத் தெளிவாக ஒளிர்ந்தது. கையால் புள்ளி வைத்தவரே இதில் உண்மைக்கு அருகில் நின்றார்.

படத்தின் உயிரான பகுதி, கருந்துளைக்கு மிக அருகே சுழலும் நீர்க்கோள். அங்கே ஒரு மணி நேரம் பூமியில் ஏழு ஆண்டுகள். ஈர்ப்பு மிகுந்த இடத்தில் காலம் மெதுவாகச் செல்லும் என்பது கற்பனையன்று. நம் தலைக்கு மேல் சுற்றும் வழிகாட்டிச் செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள் தரையிலுள்ளவற்றைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோ வினாடி முந்துகின்றன. அதனைத் திருத்தாவிடில் அவை வழிகாட்டவே முடியாது. ஆயினும் ஒரு மணிக்கு ஏழு ஆண்டு என்றால் அறுபத்தோராயிரம் மடங்குக்கு மேல். கருந்துளை தன்னால் இயன்ற உச்ச வேகத்துக்கு மயிரிழை குறைவாகச் சுழன்றால் மட்டுமே இது இயலும் என்று தோர்ன் கணக்கிட்டுக் காட்டினார். நடவாததாயினும் இயலாததன்று. ஆனால் அக்கோளுக்கு இறங்கவும் மீளவும், ஒளியின் வேகத்தில் கணிசமான பங்கை அந்தச் சிறு கலம் எங்கிருந்து பெற்றது என்ற கேள்வியைப் படம் விரைந்து தாண்டிச் செல்கிறது. பூமியைவிட்டுக் கிளம்பப் பல அடுக்கு ராக்கெட் வேண்டியிருந்தவர்களுக்கு, பூமியினும் ஈர்ப்பு மிகுந்த அக்கோளைவிட்டு எழ அது வேண்டியிருக்கவில்லை.

அங்கே மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் தங்கிவிட்டுத் திரும்புகிறான் கூப்பர். தாய்க்கலத்தில் 23 ஆண்டுகள் கடந்துவிட்டன. பூமியிலிருந்து வந்து குவிந்த செய்திகளை அவன் அமர்ந்து பார்க்கிறான். சிறுவனாக விட்டுவந்த மகன் வளர்கிறான், மணம் முடிக்கிறான், குழந்தையைக் காட்டுகிறான், அக்குழந்தை இறந்ததைச் சொல்கிறான், கடைசியில் தந்தையை மறந்துவிட முடிவு செய்கிறான். தந்தையால் ஒரு சொல்லும் மறுமொழியாகச் சொல்ல இயலாது. அழுவதுதான் முடிகிறது. அறிவியலும் மனித நெஞ்சும் இப்படி ஒன்றிய காட்சியைத் திரையில் நான் வேறெங்கும் கண்டதில்லை. எந்த உபதேசமும் இல்லை. ஒரு விகிதக் கணக்கு, அவ்வளவுதான்.

ஆனால் அதே கலத்தில் ரோமிலி என்றொருவன் இருக்கிறான். நண்பர்கள் கீழே இறங்கியபோது தாய்க்கலத்தில் காவலாக நின்றவன். அவன்தான் அந்த 23 ஆண்டுகளையும் தனியே வாழ்ந்து தீர்த்தவன். அவர்கள் திரும்பியபோது தாடி நரைத்து நிற்கிறான். சில காலம் உறங்கிக் கழித்ததாகவும், அவர்கள் வருவார்கள் என்ற நம்பிக்கையை இழந்துவிட்டதாகவும் இரண்டொரு சொற்களில் கூறுகிறான். படம் அவனை அத்தோடு விட்டுவிடுகிறது. பிறகு ஒரு வெடிவிபத்தில் அவன் இறந்தும் போகிறான். மூன்று மணி நேர ஓட்டத்தை அத்தனை விரிவாகக் காட்டிய இயக்குநருக்கு, இருபத்துமூன்று ஆண்டு காத்திருப்பைக் காட்ட ஐந்து நிமிடம் கிடைக்கவில்லை. இப்படத்தைப் பற்றி நான் படித்த பாராட்டுரைகளிலும் ரோமிலியின் பெயர் அரிதாகவே வருகிறது.

இதைவிடப் பெரிய குறை முடிவில் உள்ளது. கூப்பர் கர்கன்டுவாவுக்குள் விழுகிறான். அளவில் மிகப் பெரிய கருந்துளையாதலால் எல்லையைக் கடக்கும்போது உடல் கிழிபடாது என்பது சரியே; சூரியனைப்போல் பத்து மடங்கு நிறையுள்ள சிறு கருந்துளையாயின், எல்லைக்கு வெகு முன்னரே தலைக்கும் காலுக்கும் இடையிலான ஈர்ப்பு வேறுபாடு அவனை நூலாக இழுத்திருக்கும். ஆனால் உள்ளே அவனுக்குக் கிடைப்பது, தன் மகளின் அறைக்குப் பின்புறம். அங்கிருந்து புத்தகங்களைத் தள்ளுகிறான். கைக்கடிகார முள்ளை அசைத்துச் செய்தி அனுப்புகிறான். பின் சனிக்கோள் அருகே உயிரோடு மீட்கப்படுகிறான். அன்பு காலத்தையும் இடத்தையும் கடந்த ஒரு பரிமாணமாக இருக்கலாம் என்று பிராண்ட் என்னும் பெண் முன்னரே பேசிய பேச்சை, படம் இங்கே இயற்பியலாகவே ஆக்கிவிடுகிறது. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் பாதியில் எந்தக் கணக்கு நம்மை அழவைத்ததோ, அந்தக் கணக்கையே இரண்டாம் பாதி கிழித்தெறிகிறது. விலையைச் சொல்லி வாங்கிய பொருளுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார் நோலன். மரணப்படுக்கையில் முதியவளாய்க் கிடக்கும் மகளை இன்னும் இளமை மாறாத தந்தை காணும் காட்சி இரண்டே நிமிடத்தில் முடிந்துபோவதும் அதனாலேயே என்று தோன்றுகிறது. செய்தி போய்ச் சேர்ந்துவிட்ட பிறகு இருவருக்கும் பேச என்ன மிச்சம்?

போலின் புதினத்தில் செய்தி போய்ச் சேராது. அங்கிருந்து வரவும் வராது. இங்கே நாம் ஓர் அறிவியல் ஐயத்தையும் நேர்மையோடு எழுப்ப வேண்டும். கிளாரா ‘இன்னும்’ விழுந்துகொண்டிருக்கிறாள் என்று பிராட்ஹெட் நம்புவது சரிதானா? லெமேத்ர் காட்டியபடி பார்த்தால், அவளுடைய கடிகாரத்தில் எல்லாம் விரைவில் முடிந்துவிடும். எல்லையைக் கடந்துவிட்டால் அவள் மையத்தை நோக்கி விழுவது உறுதி. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு அவள் என்றென்றும் அங்கே தெரிந்துகொண்டிருப்பாள் என்பதும் சரியன்று. அவளிடமிருந்து வரும் ஒளி சிவந்து, நலிந்து, சிறு கருந்துளையாயின் நொடியின் மிகச் சிறு பங்கில், பெரிதாயினும் சில மணி நேரத்தில், முற்றும் இருண்டுவிடும். அப்படியானால் ‘இன்னும்’ என்ற சொல்லுக்குப் பொருள் என்ன? தொலைவில் நடப்பது இப்போது நடக்கிறதா, முன்பே முடிந்ததா என்பதற்கு எல்லாருக்கும் பொதுவான விடை கிடையாது என்பதே சார்பியல் கோட்பாட்டின் அடிப்படை. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். அவள் எல்லையைக் கடந்தாள் என்ற செய்தி எந்தக் காலத்திலும் அவனை வந்தடையாது. அவன் எவ்வளவு ஆண்டு வாழ்ந்தாலும், ‘அது முடிந்துவிட்டது’ என்று சொல்ல அவனுக்கு உரிமை பிறக்காது. எனவே அவனுடைய வேதனை அறிவியலைத் தவறாகப் புரிந்துகொண்டதன் விளைவன்று. ஆசிரியர் எழுதியதைவிடவும் அது ஆழமாகவே சரியானது.

இதனை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்த ‘இன்னும்’ என்னும் சொல்லோடு எனக்குச் சொந்தமாக ஒரு கணக்கு உண்டு. 1983-இல் நான் அசாமில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது ஊரில் என் தந்தையார் இறந்தார். மழைக்காலம், தந்தி என் கைக்கு வந்தது மூன்றாம் நாள் மாலையில். இடைப்பட்ட அந்த மூன்று நாட்களும் எனக்கு அவர் உயிரோடிருந்தார். இரண்டாம் நாள் இரவு அவருக்கு ஒரு கடிதம்கூட எழுதினேன். பணம் கேட்டிருந்தாரே, அடுத்த மாதம்தான் முடியும் என்று. அஞ்சலில் சேர்க்கவில்லை. அந்த மூன்று நாட்களில் அவர் எங்கே இருந்தார் என்று பிற்பாடு பல இரவுகள் எண்ணிப் பார்த்திருக்கிறேன். பிராட்ஹெட்டுக்கு அந்தத் தந்தி வரவே போவதில்லை.

போல் தம் கதைத்தலைவனை அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. ‘கேட்வே’ அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ, நெபுலா பரிசுகள் இரண்டையும் பெற்றது. அதன் வெற்றியைத் தொடர்ந்து அவர் மேலும் சில நூல்களை எழுதினார். 1984-இல் வந்த தொடர்நூல் ஒன்றில் கிளாராவைக் கருந்துளையிலிருந்து மீட்டே கொண்டுவந்துவிட்டார். ஹீச்சியரிடம் அதற்கான கருவி இருந்ததாம். வாசகர்கள் வேண்டிக் கேட்டார்களோ, ஆசிரியருக்கே மனம் பொறுக்கவில்லையோ. அந்நூலையும் ஆவலோடு வாங்கிப் படித்தவன்தான் நான். அவள் வெளியே வந்த பக்கத்தைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சி உண்டாகவில்லை. நோலன் முப்பது ஆண்டுகள் கழித்துச் செய்யவிருந்த தவற்றை முன்கூட்டியே செய்தவராகப் போல் தென்பட்டார்.

ஆகவே இப்புதினத்தைத் தேடிப் படிக்க விரும்பும் அன்பர்கள் முதல் நூலோடு நிறுத்திக்கொள்வது நலம். அதன் இறுதிப் பக்கங்களில், இத்தனை காலம் விழுங்கிய சொல்லைப் பிராட்ஹெட் ஒருவாறு வாய்விட்டுச் சொல்லிவிடுகிறான். இயந்திரம் கேட்டுக்கொள்கிறது. கிளாரா எங்கே இருக்கிறாளோ அங்கேயே இருக்கிறாள்.